சபைக்கு ஆப் செய்யச் சொன்னால் முதலில் ஒரு சிம் கேளுங்கள்

ஆண்டுத் தொடக்கத்து இடமாற்றத்தில் நீங்கள் திருகோணமலை மாவட்டத்து ஏதோ ஒரு உள்ளூராட்சிச் சபைக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள். மூதூரோ வெருகலோ குச்சவெளியோ, இல்லை ரவுனுக்குள்ளேயோ. மேசை காட்டுவார்கள், பழைய கொம்பியூட்டர் ஒன்று தருவார்கள். இரண்டாம் நாள் செயலாளர் கூப்பிட்டு, "தம்பி, நீங்கள் ஐடி படிச்ச ஆள்தானே, எங்கட சபைக்கும் ஒரு ஆப் செய்வமா, மற்ற இடமெல்லாம் வைச்சிருக்கினம்" என்பார். தங்கச்சிமாருக்கும் இதே வரவேற்புத்தான். நீங்கள் புதிதாகத் தெரிவான உறுப்பினர் என்றால் இன்னும் வசதி, ஆப் கேட்கிற ஆளே நீங்களாக இருப்பீர்கள்.

உடனே தலையாட்டி விடாதீர்கள். இந்த மாவட்டத்தில் சில வருடங்கள் இந்த வேலைகளுக்குள் கிடந்து உழன்றவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் ஆறு மாதத்துக்கு உங்களுக்கு ஆப் தேவையில்லை. ஒரு சிம், ஒரு ஷீட், ஒரு வரைபடம், ஒழுங்கான எழுத்துரு, இவ்வளவும் போதும். என்ன வரிசையில் போவது என்று கீழே எழுதுகிறேன். வரிசை முக்கியம். நான் பின்பக்கமிருந்து தொடங்கி அடிபட்டவன்.

முன் மேசையில் ஒரு கிழமை

கொம்பியூட்டரைத் திறக்க முன் ஒரு சீஆர் கொப்பியை எடுத்துக்கொண்டு முன் அலுவலகத்தில் போய் உட்காருங்கள். வருகிற ஒவ்வொருவரும் என்ன கேட்டு வருகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். லைட் எரியவில்லை, குப்பை ட்ரக்டர் வரவில்லை, மலக்கழிவு பவுசர் எப்போது கிடைக்கும், வீட்டுக்கான சோலை வரி எவ்வளவு நிலுவை, வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க என்ன கொண்டு வரவேண்டும். நாலாம் நாளே ஒன்று விளங்கும். பாதிப் பேர் வேலை முடிக்க வந்தவர்கள் அல்லர், "என்ட பைல் சரியா?", "ஐயா இண்டைக்கு இருக்கிறாரா?" என்று கேட்டுப்போக வந்தவர்கள். வீட்டுப் படத்துக்கு அனுமதி கேட்டுப் போட்ட பைல் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் இருக்கிறதா, பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருக்கிறதா, திட்டக் குழுவுக்குப் போய்விட்டதா என்று அறிய ஒருவர் பஸ் காசும் அரை நாள் கூலியும் செலவழித்து வருகிறார். அவருக்கு "புதன்கிழமை வாருங்கள், அதற்கு முதல் வரவேண்டாம்" என்று ஒரு குறுந்தகவல் போனால், உங்கள் சபையின் முதலாவது டிஜிட்டல் சேவை அதுதான். அதற்குச் செலவு சில சதம்.

அதே கிழமையில் இன்னொரு பட்டியலும் போட்டுக்கொள்ளுங்கள்: "நம்முடையதல்லாதவை". சனத்துக்கு ரோட் என்றால் ரோட்தான், யாருடைய ரோட் என்று அதில் எழுதியிருப்பதில்லை. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் வழியாக ரவுனுக்குள் வருகிற ஏ12, மட்டக்களப்பிலிருந்து வருகிற ஏ15 எல்லாம் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. சில வீதிகள் மாகாணத்துடையவை. குழாய்த் தண்ணீர் என்றால் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. மின்கம்பம் மின்சார சபையுடையது, அதில் தொங்குகிற பல்ப் நம்முடையது. இந்தப் பட்டியலோடு அந்தந்த இடத்துத் தொலைபேசி எண்ணையும் சேர்த்து வையுங்கள். பின்னால் வருகிற எல்லா வேலைக்கும் இது உதவும். "அது எங்கட இல்லை" என்று சொல்லி அனுப்புவதற்கும், "அது அவர்களுடையது, இந்த எண்ணுக்கு எடுங்கள்" என்று சொல்லி அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சனம் கவனிக்கும்.

சிம் யாருடைய பெயரில்?

இப்போது செயலாளரிடம் கேட்க வேண்டியது: சபையின் பெயரில் ஒரு சிம், ஒரு சாதாரண ஸ்மார்ட் போன். உங்கள் சொந்த எண்ணைக் கொடுத்துத் தொடங்கலாம் என்று ஆசையாக இருக்கும், உடனே நடந்துவிடும், கொள்வனவுக் கடிதம் எதுவும் தேவையில்லை. செய்யாதீர்கள். இரவு 11 மணிக்கு நாய் செத்துக் கிடக்கிறது என்று படம் வரும், அது ஒரு பக்கம். நீங்கள் இடமாற்றத்தில் போகும்போது சபையின் முழுத் தொடர்பும் உங்கள் காற்சட்டைப் பையோடு போய்விடும், அதுதான் பெரிய பிரச்சினை.

மின்னஞ்சலும் அப்படித்தான். ஆளின் பெயரில் திறக்காமல் பதவியின் பெயரில் திறவுங்கள். பேஸ்புக் பக்கத்துக்கு எப்போதும் இரண்டு நிர்வாகிகளாவது இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள், அந்தக் குறியீடு சபைப் போனுக்கு வரட்டும். எல்லாக் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, செயலாளரின் அலுமாரியில் பூட்டி வைக்கச் சொல்லுங்கள். ஐடி படித்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஏன் இவ்வளவு பயம் என்றால், எனக்குத் தெரிந்த ஒரு சபைக்கு யாரோ தெரிந்த பையன் நல்ல வடிவாக ஒரு இணையத்தளம் செய்து கொடுத்தான். பெயர் பதிவு அவனுடைய சொந்த மின்னஞ்சலில், காசும் அவனுடைய அட்டையில், முகவரி டொட் கொம். பையன் வெளிநாடு போய்விட்டான், புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் எல்லாம் அவனுடைய பழைய பெட்டியில் தூங்கின, பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கி விட்டார்கள். பிறகு சபையின் கடிதத் தலைப்பில் இருந்த முகவரியைத் தட்டினால் சூதாட்டத் தளம் வந்தது. கடிதத்தாள் கட்டுக்கட்டாக அச்சடித்து வைத்திருந்தார்கள், ஒவ்வொன்றிலும் அந்த வரியைப் பேனையால் வெட்டித்தான் அனுப்பினோம். அரச நிறுவனங்களுக்கு மட்டும் கொடுக்கிற ஜீஓவீ டொட் எல்கே முகவரியை எடுங்கள். கடிதம், கையொப்பம் என்று கொஞ்சம் அலைச்சல்தான், ஆனால் வேறு ஆள் அதை வாங்க முடியாது.

வட்ஸ்அப்பைச் சரியாகத் திறப்பது

நம் பக்கத்தில் சனம் ஏற்கெனவே இருக்கிற இடம் வட்ஸ்அப். அதனால் அங்கேயே போவோம். சபைப் போனில் சாதாரண வட்ஸ்அப்பைப் போடாமல் வட்ஸ்அப் பிஸ்னஸைப் போடுங்கள், அதுவும் இலவசம். அலுவலக நேரம் முடிந்த பிறகு தானாகப் பதில் போகும், அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்குப் பதிலை முன்கூட்டியே எழுதி வைக்கலாம், வந்த செய்திகளுக்கு லைட், குப்பை, வடிகான் என்று லேபல் ஒட்டலாம். ஒரே எண்ணை இன்னும் நாலு கருவிகளில் இணைக்கலாம் என்பதால் முன் மேசைக் கொம்பியூட்டரிலும் திறந்து வைக்கலாம், போன் யாரிடம் என்று தேடத் தேவையில்லை.

குழு தொடங்காதீர்கள். ஒரு குழுவில் 1024 பேர் வரை சேர்க்கலாம், அதுதான் ஆபத்தே. எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும், காலை வணக்கம் பூவோடு வரும், தேர்தல் வந்தால் அடிபிடி. ஒருவழியாகச் செய்தி அனுப்பச் சிலர் புரோட்காஸ்ட் லிஸ்ட்டைப் பாவிக்கிறார்கள். அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதோடு உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும், இந்த விசயம் தெரியாமல் "அனுப்பினோமே" என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் எனக்கும் இருந்தது. 2023இல் வந்த சனல் வசதிதான் இதற்குச் சரி. பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது, பதிலுக்குப் பதில் சண்டையும் இல்லை. அறிவித்தலுக்குச் சனல், முறைப்பாட்டுக்கு நேரடி எண், இப்படி இரண்டாகப் பிரித்து வைத்தால் நிம்மதி.

படம் வாங்கும்போது ஒரு சூட்சுமம். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்புகிற படத்திலிருந்து இடத் தகவல் கழன்றுவிடும். ஆகவே படம் வேறு, லொகேஷன் வேறு என்று இரண்டையும் கேளுங்கள். முதல் தானியங்கிப் பதிலிலேயே இதை எழுதிவிடலாம்: "படம் ஒன்று, இருக்கும் இடத்தின் லொகேஷன் ஒன்று, உங்கள் பெயர். எழுத வராவிட்டால் குரலில் சொல்லுங்கள்." குரல் பதிவைச் சிலர் தொல்லை என்பார்கள். எனக்கு அது பெரிய உதவியாக இருந்தது, எழுதத் தயங்குகிற வயதானவர்கள் எல்லாம் அதில்தான் வந்தார்கள்.

அந்தப் பதில் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும், முடிந்தால் ஆங்கிலமும். இந்த மாவட்டத்தில் மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறவர்கள், ஒரு மொழியில் மட்டும் போட்டால் மிச்ச ஆட்களுக்கு அது தங்கள் சபை இல்லை என்றுதான் படும். கூகுள் மொழிபெயர்ப்பை வைத்து வரைவு எடுக்கலாம், ஆனால் அந்த மொழி பேசுகிற ஒரு சக உத்தியோகத்தர் வாசித்துப் பார்க்காமல் அனுப்ப வேண்டாம்.

கூகுள் படிவம் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் அதில் படம் பதிவேற்றுகிற கேள்வியைச் சேர்த்தால் நிரப்புகிறவர் கூகுள் கணக்கில் உள்நுழைந்திருக்க வேண்டும், பாதிப் பேர் அங்கேயே திரும்பிப் போய்விடுவார்கள்.

ஒரு பல்ப்பை வைத்துப் பழகுங்கள்

எல்லாச் சேவையையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். தெரு விளக்கோடு தொடங்குங்கள். சின்ன வேலை, செலவு குறைவு, முடிந்ததா இல்லையா என்று குழந்தைக்கும் தெரியும்.

கூகுள் ஷீட் ஒன்று திறந்து, ஒரு முறைப்பாட்டுக்கு ஒரு வரி. முதலில் தொடரிலக்கம், பிறகு திகதி, எந்த வழியால் வந்தது, இடம், மின்கம்ப இலக்கம், யாரிடம் கொடுத்தோம், நிலைமை, முடிந்த திகதி. பெயரும் தொலைபேசி எண்ணும் கடைசி இரண்டு நிரல்களில். ஏன் கடைசியில் என்பது பிறகு.

செல்வநாயகபுரத்துப் பக்கம் இருந்து ஒரு அம்மாவின் குரல் பதிவு வந்தது. "தம்பி, எங்கட கோயிலடி லைட் மூண்டு கிழமையா எரியேல்ல, பிள்ளையள் ரியூசன் முடிஞ்சு இருட்டுக்குள்ள வருதுகள்." சரி, எந்தக் கோயிலடி? திருகோணமலையில் கோயிலடி என்றால் ஊரில் பாதி கோயிலடிதான். லொகேஷன் அனுப்பத் தெரியாது என்றார், மகள் வேலையால் வந்ததும் அனுப்பச் சொன்னேன். பின்னேரம் லொகேஷனோடு ஒரு படமும் வந்தது. கம்பத்தில் வெள்ளைப் பெயின்றால் எழுதின இலக்கம், அதற்கு மேலே யாரோ ஒட்டின ரியூசன் நோட்டீஸ், இலக்கத்தின் கடைசி எழுத்து நோட்டீசுக்குள்ளே. மகளே போய்க் கிழித்துவிட்டு இன்னொரு படம் அனுப்பினாள். மின்னியலாளர் அண்ணன் அடுத்த நாள் ஏணியோடு போய் பல்ப்பை மாற்றிவிட்டு வந்து "முடிஞ்சுது" என்றார். நான் ஷீட்டில் "முடிந்தது" என்று போட்டேன். அன்றிரவு ஏழரைக்கு அம்மா மறுபடியும் குரல் பதிவு: "தம்பி, எரியேல்லையே." பழுது பல்ப்பில் இல்லை, மேலே வருகிற வயரில். அது மின்சார சபையின் வேலை.

அதிலிருந்து இரண்டு பழக்கம் வந்தது. ஒன்று, பகலில் மாற்றின பல்ப்பை இரவில் உறுதிப்படுத்தாமல் "முடிந்தது" போடுவதில்லை. ஏழு மணிக்கு முறைப்பாட்டுக்காரருக்கு "எரிகிறதா?" என்று ஒரு சொல் போகும், கட்டைவிரல் குறி வந்தால்தான் வரி பச்சையாகும். இரண்டு, நிலைமை நிரலில் ஐந்தே ஐந்து தெரிவுகள்: பெறப்பட்டது, ஆள் போனார், முடிந்தது, நம்முடையதல்ல, சாமான் இல்லை. கடைசியில் உள்ளதைப் போட எங்கள் மேலதிகாரிகளுக்குக் கூச்சமாக இருந்தது. சபையில் பல்ப் இல்லை என்று எழுத்தில் வைப்பதா? வையுங்கள். ஆண்டு முடிவில் வரவு செலவுத் திட்டம் பேசும்போது, எந்த மாதத்தில் எத்தனை முறைப்பாடு பல்ப் இல்லாமல் நின்றது என்று ஷீட்டே சொல்லும். அந்த ஒரு தாளோடு போன வருடம்தான் பல்ப்புக்கான ஒதுக்கீட்டைப் பற்றி உறுப்பினர்கள் முதல் தடவை கட்சி வேறுபாடில்லாமல் கதைத்தார்கள்.

ஷீட்டைச் சனமும் பார்க்கட்டும் என்று ஒரு கட்டத்தில் தோன்றும், நல்ல எண்ணம்தான். ஆனால் மூல ஷீட்டைப் பகிராதீர்கள். இன்னொரு ஷீட் திறந்து, முதல் நிரல்களை மட்டும் அதற்குள் தானாக வரச்செய்து அதைப் பகிருங்கள். பெயரும் எண்ணும் கடைசியில் இருக்கச் சொன்னது இதற்காகத்தான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரர் வடிகானை மறித்து மதில் கட்டுகிறார் என்று முறையிட்டவரின் பெயர் ஊருக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வரைபடம்

மூன்று மாதம் போனதும் ஷீட்டில் இடங்கள் சேர்ந்திருக்கும். அவற்றைக் கூகுள் மை மேப்ஸில் இறக்கிப் பாருங்கள், ஒரு அடுக்கில் 2000 வரிகள் வரை ஏற்கும், ஒரு பிரதேச சபைக்கு அது தாராளம். எந்த ஒழுங்கையில் புள்ளிகள் குவிகின்றன என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து எட்டு லைட் போகிறதென்றால் எட்டு பல்ப்பும் ஒரே நாளில் செத்துப்போகவில்லை, லைன் பழுது.

அப்புறம் கொஞ்சம் துணிவு வந்தால் சபையின் சொத்து முழுவதையும் குறித்து விடலாம்: விளக்குகள், மதகுகள், பொதுக் கிணறுகள், குப்பை ஏற்றும் இடங்கள், மயானம், முன்பள்ளி. இதற்குக் கோபோ கலெக்ட் என்ற இலவசச் செயலி நல்லது. சிக்னல் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பலாம், ஜீபீஎஸ் புள்ளியும் படமும் போனுக்குள் இருக்கும், சிக்னல் கிடைத்ததும் அனுப்பிவிடலாம். வெருகல் பக்கம், குச்சவெளிக்கு வடக்கே எல்லாம் வேலை செய்யப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விசயம் என்று போனால்தான் தெரியும். வீதிகளின் பெயரை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலும் தமிழில் சேர்த்து விடுங்கள். அது யாரும் திருத்தக்கூடிய திறந்த வரைபடம், உங்கள் ஒழுங்கைக்கு அங்கே பெயர் இல்லையென்றால் எழுத வேண்டியவர் நீங்கள்தான்.

குப்பை ட்ரக்டரின் நேர அட்டவணையையும் வட்டார வாரியாக வரைபடத்தோடு போடுங்கள். ரவுன் ஆட்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால் நம் ஊரில் மான்கள் கோட்டைக்குள் மட்டும் நிற்பதில்லை. முதல் நாள் இரவே பையை வெளியில் வைத்தால் விடிய முதல் கிழித்து, சோற்றோடு பொலித்தீனையும் தின்றுவிட்டுப் போகும். "நாளை காலை 7 மணிக்கு முன் வைக்கவேண்டாம்" என்று சனலில் ஒரு வரி, முதல் நாள் பின்னேரம். அவ்வளவுதான்.

பாமினியை விட்டு வெளியே வாருங்கள்

இதை யாரும் வழிகாட்டிகளில் எழுதுவதில்லை, ஆனால் நம் கந்தோர்களில் பாதிக் கரைச்சல் இங்கேதான். தட்டச்சுத் தெரிந்த அக்கா எல்லா அறிவித்தலையும் பாமினியில் அடிக்கிறார். தாளில் அச்சடித்தால் வடிவாக வரும். அதையே வெட்டி வட்ஸ்அப்பில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக்களை யாரோ குலுக்கிக் கொட்டின மாதிரி வரும். காரணம் எளிது, பாமினி ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைக்கிற எழுத்துரு. கொம்பியூட்டருக்கு அது தமிழே அல்ல. தேடினால் அகப்படாது, பார்வைக் குறைபாடு உள்ளவரின் போன் அதை வாசித்துக் காட்டாது. ஆகவே அறிவித்தலைப் படமெடுத்துப் போடுகிறார்கள், படத்தைத் தேடவும் முடியாது, பெரிதாக்கினால் மங்கும்.

எந்தப் போனிலும் கொம்பியூட்டரிலும் தமிழைத் தமிழாகவே வைக்கிற பொதுக் குறியீட்டு முறைதான் யூனிகோட், அதில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. அக்காவிடம் "இனிமேல் யூனிகோட்" என்று உத்தரவு போட்டால் நடக்காது, அவருடைய விரல் இருபது வருடமாகப் பழகின விரல். ரெங்கநாதன் விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள், அது இலங்கையின் நியமமான யூனிகோட் விசைப்பலகை, பழைய தட்டச்சுக்குப் பழகின கைக்கு அந்நியமாக இருக்காது. தட்டச்சே வராதவர்களுக்குக் கூகுள் விசைப்பலகையில் குரல் தட்டச்சு இருக்கிறது, மொழித் தெரிவில் "தமிழ் (இலங்கை)" என்று தனியாகவே வரும், பேசினால் எழுதிவிடும். பெயர்களில் மட்டும் பிழை விடும், பார்த்துத் திருத்துங்கள்.

பழைய கோப்புகளை மாற்ற இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ஆவணத்தின் நடுவில் உண்மையான ஆங்கிலம் இருந்தால், மின்னஞ்சல் முகவரி மாதிரி, மாற்றி அதையும் தமிழாக நினைத்து வாயில் நுழையாத ஏதோவொன்றாக ஆக்கிவிடும். மாற்றின பிறகு வாசிக்காமல் போட்ட ஒரு கேள்விப்பத்திர (டெண்டர்) அறிவித்தலில் முகவரி அப்படிப் போய், அதைச் சுட்டிக்காட்டினது ஒரு ஒப்பந்தக்காரர்.

இணையத்தளத்தில் என்ன இருக்க வேண்டும்

தவிசாளரின் பெரிய படமும் வரவேற்புரையும் முதல் பக்கத்தில் இருக்கும், அதை நீங்கள் தடுக்க முடியாது, முயலவும் வேண்டாம். அதற்குக் கீழே நான்கைந்து கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: எந்தச் சேவைக்கு என்ன ஆவணம், கட்டணம் எவ்வளவு, யாரைச் சந்திப்பது, எத்தனை நாள் ஆகும். சீஆர் கொப்பியில் எழுதினீர்களே, அதில் இருந்தே எடுங்கள். எல்லாம் எழுத்தாக இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வேண்டுமென்றால் கூடவே வையுங்கள், டேட்டா முடியப்போகிற போனில் எட்டு எம்பி பைல் திறக்காது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு சபைக்கும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும், விண்ணப்பம் வந்தால் கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய பெயர், பதவி, மின்னஞ்சல் மூன்றையும் தளத்தில் போடுங்கள். அந்த அலுவலரிடம் நட்பாக இருங்கள், ஏனென்றால் திரும்பத் திரும்ப ஒரே தகவலைக் கேட்டு விண்ணப்பம் வருகிறதென்றால் அது தளத்தில் இருக்க வேண்டிய தகவல். ஒப்பந்தம் யாருக்குப் போனது, வீதிக்கு எவ்வளவு செலவு, அமர்வின் தீர்மானம் என்ன, இவற்றை நீங்களே போட்டுவிட்டால் அவருக்கும் வேலை குறையும்.

காசு

சோலை வரியை ஆண்டு முழுவதற்கும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் 10 வீதக் கழிவு, காலாண்டுக்குக் காலாண்டு அதன் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 வீதம். இதைத் தெரியாத வீட்டுக்காரர் ஏராளம். ஜனவரி முதல் கிழமையில் சனலில் இந்த ஒரு செய்தியைப் போடுங்கள், பெறுமதியான வேறு எதையும் அந்த மாதம் போடாவிட்டாலும் பரவாயில்லை.

இணைய வழியில் கட்ட, 2025 பெப்ரவரியில் அரசாங்கம் தொடங்கின கவ்பே இருக்கிறது. உங்கள் சபை சேர்ந்துவிட்டதா என்று கணக்காளரிடம் கேளுங்கள், இல்லையென்றால் சேருகிற வழியைப் பாருங்கள். சொந்தமாகக் கட்டண வசதி கட்டுகிற வேலை வேண்டவே வேண்டாம். எந்த வழியென்றாலும் காசு சபையின் வங்கிக் கணக்குக்கு நேரே போகவேண்டும், நடுவில் எந்த உத்தியோகத்தரின் போனும் இருக்கக்கூடாது. கருமபீடத்தில் கியூஆர் ஒட்டினால் காலையில் வந்ததும் அது நாம் ஒட்டினதுதானா, மேலே வேறு ஒன்று ஒட்டியிருக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். தொடங்க முன் வருமானப் பகுதியை இருத்திக் கதையுங்கள். வங்கிக்கு வந்த காசு எந்த வீட்டு இலக்கத்துக்கு என்று பொருத்த முடியாமல் போனால், கட்டினவருக்கே மீண்டும் சிவப்பு அறிவித்தல் போகும், பிறகு அவர் ஆயுளுக்கும் இணையத்தில் கட்டமாட்டார்.

மாரி வரும்போது

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம்தான் இந்தக் கருவிகளுக்கெல்லாம் சோதனை. நவம்பரிலிருந்து உங்கள் சனலைப் பின்தொடர்பவர்கள் கூடுவார்கள். அப்போது ஒரு விதியை எழுதி ஒட்டி வையுங்கள்: வானிலை எச்சரிக்கையை நாம் சொந்தமாக எழுதுவதில்லை. வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சொன்னதை நேரம் குறிப்பிட்டுப் போடுவோம், அவசர எண் 117 என்பதையும் சேர்ப்போம். நம்முடையது உள்ளூர் விபரம்: எந்த வீதியில் தண்ணீர் ஏறிவிட்டது, எந்தப் பாடசாலை திறந்திருக்கிறது, பவுசர் எங்கே நிற்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் "கடல் வருகுது" என்ற ஒரு வதந்தி என்ன செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே சனலில் எழுதும் உரிமை மாரி காலத்தில் இரண்டு பேருக்கு மேல் வேண்டாம்.

கரண்ட் போனால் கோபுரங்களும் சில மணித்தியாலத்தில் படுத்துவிடும். அதற்கு முன்னமே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒலிபெருக்கி உள்ள கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை எது, அதன் பொறுப்பாளர் யார், எந்த கிராம உத்தியோகத்தர் என்று ஒரு தாள் அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். ஷீட்டில் அல்ல, சுவரில்.

செயலாளர் மறுபடியும் ஆப் பற்றிக் கேட்கும்போது

கேட்பார். இப்போது உங்களிடம் ஒரு வருடத்து ஷீட் இருக்கும். வட்ஸ்அப்பும் ஷீட்டும் தாங்காத அளவுக்கு முறைப்பாடு வருகிறதென்றால் அடுத்த படிக்குப் போகலாம், ஆனால் பூச்சியத்திலிருந்து யாரிடமும் செய்யக் கொடுக்காதீர்கள். பிரித்தானியாவில் மைசொசைட்டி என்ற அமைப்பு 2007இல் தொடங்கின பிக்ஸ்மைஸ்ட்ரீட், வரைபடத்தில் புள்ளி வைத்தால் எந்தச் சபையின் வேலையோ அங்கே முறைப்பாட்டை அனுப்பிவிடும். அதன் மூல நிரல் திறந்தது, வேறு நாடுகளும் எடுத்துப் பாவிக்கின்றன. கென்யாவில் 2008இல் வந்த உஷாஹிதியும் அப்படித்தான், அனர்த்த காலத்துக்கு நல்லது. தமிழும் சிங்களமும் போட்டு, யார் பராமரிப்பார், எந்தத் தலைப்பில் காசு என்று சபைத் தீர்மானம் எடுத்த பிறகு இறங்குங்கள்.

அப்போதும் முன் மேசையை மூடிவிடாதீர்கள். தடியை ஊன்றிக்கொண்டு வருகிற ஐயாவிடம் "ஆப்பில் போடுங்கோ" என்று சொல்கிற ஆளை அந்தக் கதிரையில் இருத்தக்கூடாது. அவர் சொல்வதை நீங்களே அதே ஷீட்டில் ஏற்றுங்கள், தொடரிலக்கத்தைச் சின்னத் துண்டில் பெரிதாக எழுதி, கீழே சபைப் போன் எண்ணையும் போட்டு அவருடைய சட்டைப்பையில் வைத்துவிடுங்கள். பேரன் யாராவது இரண்டு நாள் கழித்து அந்த இலக்கத்தை அனுப்பி "தாத்தாட வடிகான் என்னாச்சு?" என்று கேட்பான்.